காவல் நிலையத்துக்குள் கைதி ஒருவர் ஆளைப் பிடித்துக்கொண்டால் செய்ய வேண்டியவை

கைவிலங்கின் ஒரு பக்கத்தைத் திறக்கும் அந்த நான்கைந்து நொடிகளைக் கவனித்துப் பாருங்கள். காவலரின் ஒரு கையில் சாவி இருக்கிறது, மறு கை கைதியின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது, தலை குனிந்திருக்கிறது, கண் பூட்டின் சின்னத் துளையைத் தேடுகிறது. இடுப்பில் துப்பாக்கி இருந்தால், அது கைதியின் கைக்கு ஒரு முழத் தொலைவில்தான் இருக்கிறது. ஆயிரம் முறை செய்து பழகிய வேலை என்பதால் மனம் வேறெங்கோ இருக்கிறது. கழிப்பறைக்கு அழைத்துப் போகும்போது, கைரேகை எடுக்கும்போது, உணவு கொடுக்க லாக்கப் கதவைத் திறக்கும்போது என்று இப்படிப்பட்ட சாதாரண நேரங்களில்தான் ஒரு கைதி காவலரையோ, எழுத்தரையோ, புகார் கொடுக்க வந்து காத்திருப்பவரையோ பிடித்துக்கொண்டு வெளியேற முயல்கிறார்.

இந்த வழிகாட்டி நிலையப் பணியில் இருப்பவர்களுக்கும், செய்தி கேட்டு முதலில் வந்து சேரும் அதிகாரிக்கும், கைதியின் பிடியில் சிக்கிக்கொள்பவருக்கும் எழுதப்பட்டது. பயிற்சி பெற்ற பேச்சுவார்த்தைக் குழுவும் சிறப்புப் படையும் வந்த பிறகு பொறுப்பு அவர்களுடையது. அவர்கள் வரும் வரையிலான நேரத்தைக் கெடுக்காமல் காப்பதுதான் நம்முடையது. தொடங்கும் முன் ஒன்றை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கைதியிடம் முழுமையான திட்டம் அநேகமாக இருக்காது. கட்டடத்தைச் சுற்றிலும் காவலர்கள் நிற்க, வெளியேற வழியில்லை என்பது சில நிமிடங்களிலேயே அவருக்கும் புரிந்துவிடும். அதன் பிறகு அவரைப் பிடித்து வைத்திருப்பது, வெளியே வந்தால் தன்னை என்ன செய்வார்களோ என்ற அச்சம். வெளியே வருவது பாதுகாப்பானது என்று அவர் நம்பினால் பிடி தளரும். அவர் நம்ப வேண்டுமானால் அது உண்மையாக இருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் அத்தனையும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைகின்றன.

கதவு திறக்கும் முன்

2020 செப்டம்பர் 25 அன்று அதிகாலையில் லண்டனின் கிராய்டன் காவல் மையத்தில் நடந்ததை ஒவ்வொரு நிலையப் பொறுப்பாளரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவில் நிறுத்திச் சோதித்தபோது ஒருவரிடம் தோட்டாக்கள் கிடைத்தன. கைகளை முதுகுப்புறம் விலங்கிட்டு அவரை அழைத்து வந்தார்கள். அவருடைய உடைக்குள் உறையில் இருந்த பழைய ரிவால்வர் மட்டும் அகப்படவில்லை. உலோகம் கண்டறியும் கருவியால் சோதிக்க சார்ஜென்ட் மேட் ரட்டானா ஆயத்தமானபோது, அந்தக் கைதி விலங்கிட்ட கைகளாலேயே சுட்டார், ரட்டானா உயிரிழந்தார். தோட்டா கிடைத்தால் துப்பாக்கியும் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும் என்பது இதில் ஒரு பாடம். விலங்கு மாட்டப்பட்டவர் அடக்கப்பட்டுவிட்டார் என்ற எண்ணம் தவறு என்பது அதைவிடப் பெரிய பாடம். தெருவில் நடந்த சோதனையை நம்பி நிலையத்தில் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நிலையத்தில் நடந்ததை நம்பி லாக்கப்புக்குள் அனுப்பும் முன் செய்ய வேண்டிய சோதனையை விடக் கூடாது. ஒப்படைப்பவர் ஒருமுறை, ஏற்றுக்கொள்பவர் ஒருமுறை என்று இரண்டு பேரின் கைகள் பட்டாக வேண்டும். சோதனை கண்ணியமாகவும் நடக்க வேண்டும். உடலை ஊடுருவிப் பார்க்கும் சோதனைகளைத் தனியிடத்தில், அதே பாலினத்தைச் சேர்ந்த பயிற்சி பெற்ற பணியாளரே செய்ய வேண்டும் என்றும், அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்றும் ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் சொல்கின்றன. அவமானப்படுத்தப்பட்ட கைதி அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருப்பார் என்பதை அனுபவமுள்ள எந்த ஏட்டும் ஒப்புக்கொள்வார்.

தனி ஆளாகக் கைதியைக் கையாளக் கூடாது என்ற விதி எல்லா இடத்திலும் ஏட்டில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையில் முதலில் விடுபடுவதும் அதுதான். 2005 மார்ச் 11 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா நீதிமன்ற வளாகத்தில், விசாரணைக் கைதி ஒருவருக்கு உடை மாற்றுவதற்காக விலங்கைக் கழற்றிய பெண் காவலர் தனியாக இருந்தார். கைதி அவரைத் தாக்கிச் சாவியை எடுத்து, பூட்டிய பெட்டியில் இருந்த துப்பாக்கியைக் கைப்பற்றினார். அன்று நீதிபதி உட்பட நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாள் முன்புதான் அதே கைதியின் காலணிகளில் கூரான ஆயுதங்கள் கிடைத்திருந்தன. முதல் தாக்குதல் கேமராவில் பதிவானது, ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஆள் இல்லை. ஆகவே விலங்கைத் திறக்கும்போது இருவர் இருக்க வேண்டும். திறப்பவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது. இரண்டாமவர் எட்டாத தொலைவில் நின்று கைதியின் கைகளை மட்டுமே பார்க்க வேண்டும். எச்சரிக்கை ஒன்று கிடைத்திருந்தால் அது அடுத்த ஷிப்டுக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

அறைகளையும் ஒருமுறை கைதியின் கண்ணால் பாருங்கள். எழுத்தரின் மேசையில் கோப்புகளைத் தைக்கும் நீண்ட ஊசி, கத்தரிக்கோல், கண்ணாடி டம்ளர். மேசைக்குப் பின்னால் தரையில், வழக்குச் சொத்தாகக் கைப்பற்றப்பட்டுச் சீட்டு ஒட்டிய அரிவாள். இதையெல்லாம் தாண்டித்தான் கைதியைத் தினமும் நடத்திச் செல்கிறோம். ஆயுதம் வெளியிலிருந்து கடத்தி வரப்பட வேண்டியதே இல்லை.

முதல் அரை மணி நேரம்

ஆள் பிடிபட்டவுடன் பாய்ந்து போய் மடக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். பிடிபட்டிருப்பது நம்முடன் உண்டு உறங்கும் சக காவலர் என்றால் அந்தப் பரபரப்பு பத்து மடங்காகும். அதை அடக்குவதுதான் முதல் வேலை. இத்தகைய நிகழ்வுகளில் மிக ஆபத்தானவை மூன்று கட்டங்கள்: தொடக்கம், சரணடையும் நிமிடங்கள், மீட்புத் தாக்குதல். தொடக்கத்தில் கைதியின் மூச்சு இரைக்கிறது, கை நடுங்குகிறது, யார் அசைந்தாலும் கத்தி இறங்கிவிடும். நேரம் கடக்கக் கடக்க உடல் தளரும், சிந்தனை திரும்பும், பிடிபட்டவரை அவர் ஒரு மனிதராகப் பார்க்கத் தொடங்குவார். காலத்தை இழுப்பது நமக்குச் சாதகம். ஏற்கனவே வெட்டோ சுடுதலோ நடந்துகொண்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அப்போது காத்திருக்க இடமில்லை.

எனவே பின்வாங்குங்கள். அவருடைய பார்வையில் படும் காவலர்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆனால் வெளியே போகும் கதவும், ஆயுத அறையின் கதவும் உடனே நம் கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும். அவர் ஓர் அறைக்குள் இருந்தால் அந்த அறையிலேயே இருக்கட்டும். இடம் மாற மாற, பிடிபடுவோரின் எண்ணிக்கையும் ஆயுதம் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். புகார் கொடுக்க வந்தவர்களையும், ஆயுதமில்லாத பணியாளர்களையும் சத்தமில்லாமல் வேறு வழியாக வெளியேற்றி, வெளியே நிறுத்திப் பெயர் சொல்லி எண்ண வேண்டும். எண்ணாவிட்டால், கழிப்பறையில் பதுங்கியிருக்கும் ஒருவரை எல்லோரும் மறந்திருப்போம். அவருடைய கைபேசி ஒலிப்பதைக் கைதி முதலில் கேட்பார்.

காவல் நிலையத்துக்கே உரிய மூன்று சிக்கல்கள் இங்கே உண்டு. முதலாவது வயர்லெஸ். பிடிபட்ட காவலரின் தோளில் வாக்கி டாக்கி இருக்கிறது என்றால், நாம் பேசும் ஒவ்வொரு சொல்லும் கைதியின் காதில் விழுகிறது. அலைவரிசையை உடனே மாற்றுங்கள், அல்லது ஆள் மூலம் செய்தி அனுப்புங்கள். இரண்டாவது, லாக்கப்பில் இருக்கும் மற்ற கைதிகள். அவர்கள் ஆரவாரம் செய்து தூண்டலாம், அச்சத்தில் அலறலாம், தீ பிடித்தால் பூட்டிய கதவுக்குள் மாட்டிக்கொள்ளலாம்; அவர்களுக்கென்று தனியாக ஒரு பொறுப்பாளர் வேண்டும், பாதுகாப்பாக இடம் மாற்ற முடிந்தால் மாற்றிவிட வேண்டும். மூன்றாவது, உறவு. அங்கிருக்கும் எல்லோருக்கும் பிடிபட்டவரைத் தெரியும், கைதியின் மீது கோபம் இருக்கும். அந்த நிலையத்தின் அதிகாரியே தொடர்ந்து கட்டளையிடுவது நல்லதல்ல. பக்கத்துச் சரகத்திலிருந்து ஒரு மூத்த அதிகாரி வந்து பொறுப்பேற்கும்படி கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரத்தின் விலை எவ்வளவு என்பதற்கு 1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் நடந்தது இன்றும் சான்றாக நிற்கிறது. கிளர்ந்தெழுந்த கைதிகள் சிறைப் பணியாளர்களைப் பிடித்து வைத்திருந்தார்கள். நான்கு நாள் பேச்சுக்குப் பிறகு 13ஆம் தேதி ஆயுதப் படை உள்ளே நுழைந்தபோது 39 பேர் இறந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் பணயக்கைதிகள். அவர்களைக் கொன்றவை மீட்க வந்தவர்களின் தோட்டாக்களே. அதற்கு அடுத்த ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் பிடித்து வைக்கப்பட்ட இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்ட பேரழிவும் சேர்ந்து, நியூயார்க் மாநகரக் காவல் துறை 1973இல் பணயக்கைதிப் பேச்சுவார்த்தைக்கென்று தனிக் குழுவை உருவாக்கக் காரணமாயிற்று. உளவியலில் முனைவர் பட்டம் பெற்றிருந்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லாஸ்பெர்க்கும் ஃபிராங்க் போல்ஸும் வகுத்த முறை சுருக்கமானது: வளைத்துக்கொள், தனிமைப்படுத்து, பேசு. உலகெங்கும் இன்று கற்பிக்கப்படும் முறைகளுக்கு அடித்தளம் இதுதான்.

பேசுபவர் யார், எப்படி

பேசுவது ஒரே குரலாக இருக்க வேண்டும். அந்தக் கைதியைக் கைது செய்தவரோ, விசாரித்தவரோ, எப்போதேனும் கை நீட்டியவரோ பேசவே கூடாது. அந்தக் குரலைக் கேட்டவுடனே பிடி இறுகும். பேசுபவர் கட்டளையிடும் அதிகாரியாகவும் இருக்கக் கூடாது. இது பலருக்குப் புரிவதில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் பேசினால், ‘இப்போதே சொல், வண்டி தருவாயா மாட்டாயா’ என்ற கேள்விக்கு அவர் உடனே பதில் சொல்லியாக வேண்டும். அதிகாரமில்லாதவர் பேசும்போது, ‘உங்களுக்காகக் கேட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்’ என்று உண்மையாகவே சொல்ல முடிகிறது. பேசுபவரின் அருகில் ஒருவர் அமர்ந்து சின்னத் தாளில் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்னொருவர் நேரத்தோடு எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும்.

முதல் வாக்கியம் எளிமையாக இருக்கட்டும். பெயரைச் சொல்லி, ‘நான் போலீஸ்தான் தம்பி. உங்கள் எல்லோருக்கும் எதுவும் ஆகாமல் இது முடிய வேண்டும் என்பதற்காகத்தான் பேசுகிறேன். அங்கே யாருக்காவது அடிபட்டிருக்கிறதா?’ என்று கேட்கலாம். அந்தக் கடைசிக் கேள்வியில் அவருடைய காயமும் அடங்கும். அடுத்து, ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று விட்டுவிட்டுக் காது கொடுக்க வேண்டும். ஆம், இல்லை என்று முடிந்துபோகும் கேள்விகள் உதவாது. அவர் சொன்னதன் கடைசிச் சொற்களை அப்படியே திருப்பிச் சொல்வது, அவருடைய உணர்ச்சிக்குப் பெயர் கொடுப்பது, பிறகு மௌனமாக இருப்பது என்ற மூன்றும் அறிவுரையைவிட அதிகம் சாதிக்கும்.

இப்படி நினைத்துப் பாருங்கள். அறைக்குள்ளிருந்து, ‘எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்லப் போறீங்க!’ என்று கத்துகிறார். ‘அப்படியெல்லாம் இல்லை, அமைதியாக இரு’ என்று சொல்வது இயல்பாக வாயில் வரும். அதை அவர் பொய்யாகத்தான் எடுத்துக்கொள்வார். மாறாக, ‘வெளியே வந்தால் உங்களை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது’ என்று சொல்லி நிறுத்துங்கள். சிறிது நேரம் கழித்து, ‘பின்ன? நேத்து ராத்திரி என்னை என்ன பண்ணாங்கன்னு தெரியுமா?’ என்று குரல் சற்றே இறங்கி வரும். கதவு அங்கேதான் திறக்கிறது. நேற்றிரவு நடந்ததை மறுத்து வாதாடாதீர்கள், நடந்திருக்கலாம். ‘அதை நீங்கள் சொல்வதற்கு ஒரு இடம் வேண்டும். வக்கீல் முன்னால் சொல்ல ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்கிறேன்’ என்பது அவர் பிடித்துக்கொள்ளக் கூடிய சொல்.

சில சொற்களைத் தவிர்ப்பது நல்லது. ‘பணயக்கைதி’ என்று சொல்லச் சொல்ல, தன் கையில் இருப்பது விலைபோகும் சரக்கு என்று அவருக்கு உறுதியாகும். பிடிபட்டவரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுங்கள். ‘சரணடை’ என்ற சொல் மானத்தைத் தொடுகிறது. ‘வெளியே வருவது’ என்றால் போதும். குடும்பத்தினரை அழைத்து வந்து பேச வைக்கும் ஆசை எல்லோருக்கும் எழும். தாய் வந்து அழுதால் மனம் இளகும் என்று நினைக்கிறோம், ஆனால் அந்த வீட்டில் என்ன காயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர் கடைசியாகப் பார்க்க விரும்பிய முகமாக அது இருந்துவிட்டால், பார்த்த பிறகு உயிரை விடத் துணியலாம். உறவினர்களை அழைத்து வாருங்கள், கைதியைப் பற்றி அவர்களிடம் கேட்டறியுங்கள், ஆனால் தொலைபேசியை அவர்கள் கையில் உடனே கொடுக்காதீர்கள்.

கோரிக்கைகள் வரும்போது, சின்னதோ பெரியதோ, இலவசமாக எதுவும் போகக் கூடாது. குடிநீர் கேட்டால் காயம்பட்டவரை விடும்படி கேளுங்கள்; உணவு கேட்டால் ஒருவரைப் பேச விடும்படி கேளுங்கள். ஆயுதமும் கூடுதல் ஆளும் எந்தப் பேரத்திலும் கிடையாது. ‘அவரை விட்டுவிடு, என்னை வைத்துக்கொள்’ என்று சக காவலர் முன்வருவது நெஞ்சைத் தொடும் செயல்தான், இருந்தாலும் அனுமதிக்கக் கூடாது. பழகத் தொடங்கிய ஒருவரை எடுத்துவிட்டுப் புதிய ஒருவரைக் கொடுத்தால் அதுவரை குறைந்த பதற்றம் மீண்டும் தொடக்கத்துக்குப் போகும். கெடு விதித்தால், அந்த நேரத்தை நீங்களாக நினைவூட்டாதீர்கள். கெடு முடியும் வேளையில் அவரோடு பேசிக்கொண்டிருங்கள். அது பேச்சிலேயே கரைந்து போகும். பொய் சொல்வதைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: கண்டுபிடிக்கக் கூடிய பொய் எதையும் சொல்லக் கூடாது. வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டு வராவிட்டால், வெளியே வந்தால் பாதுகாப்பு என்று சொல்வதையும் அவர் நம்பமாட்டார்.

தொலைக்காட்சியும் கைபேசியும் அவருக்குக் கண்ணாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2010 ஆகஸ்ட் 23 அன்று மணிலாவில், பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு காவல் அதிகாரி சுற்றுலாப் பேருந்து ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். தன் சகோதரரைக் காவலர்கள் இழுத்துச் செல்வதைப் பேருந்தில் இருந்த தொலைக்காட்சியின் நேரலையில் அவர் பார்த்தார். அதன் பிறகு சுடத் தொடங்கினார். பயணிகளில் எட்டுப் பேர் இறந்தார்கள். செய்தியாளர்களுக்கு ஓர் இடமும், தகவல் சொல்ல ஓர் அதிகாரியும் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, படை நகர்வைக் காட்ட வேண்டாம் என்று காரணத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும். நிலையத்துக் காவலர்கள் தங்கள் கைபேசியில் எடுக்கும் வீடியோவும் இதில் அடக்கம்.

பிடியில் இருப்பவருக்கு

நீங்கள் காவலராக இருந்தாலும், வெறுமனே வந்து உட்கார்ந்திருந்தவராக இருந்தாலும் முதல் நிமிடங்களில் சொன்னபடி செய்யுங்கள். திமிறாதீர்கள், திடீரென்று கையை அசைக்காதீர்கள். எதையாவது எடுக்க வேண்டுமானால் சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். மூச்சை நீளமாக விடுங்கள். அவர் சற்று அடங்கிய பிறகு உங்கள் பெயரைச் சொல்லுங்கள்; மருந்து எடுத்துக்கொள்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள். அட்லாண்டா கைதி அன்றிரவு ஒரு பெண்ணை அவருடைய வீட்டிலேயே பிடித்து வைத்தார். மணிக்கணக்கில் தன் மகளைப் பற்றியும் தன் வாழ்க்கையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் காலையில் அவரே வெளியே போக விட்டார். இது எல்லோருக்கும் வாய்க்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் உங்களை ஒரு மனிதராகப் பார்ப்பவர் கையோங்கத் தயங்குவார். கைதியோடு வாதாடுவதும், வெளியில் இருப்பவர்கள் சார்பில் வாக்குறுதி கொடுப்பதும் உங்கள் வேலையல்ல. தப்பிக்கும் வழி உறுதியாகத் தெரிந்தால் தவிர ஓட முயலாதீர்கள். படையினர் உள்ளே நுழையும் சத்தம் கேட்டால் தரையோடு படுத்து, விரித்த கைகள் தெரியும்படி வையுங்கள். அவர்களை நோக்கி ஓடாதீர்கள், தரையில் கிடக்கும் ஆயுதத்தைத் தொடாதீர்கள். யார் யார் என்று உறுதியாகும் வரை உங்கள் கையிலும் விலங்கு விழலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும் நிமிடங்கள்

பேசி முடித்த மகிழ்ச்சியில் கவனம் தளரும் நேரம் இது. வெளியே வரும் முறையைக் கைதியிடம் ஒவ்வோர் அசைவாக முன்கூட்டியே சொல்ல வேண்டும்: கத்தியை எங்கே வைப்பது, யார் முதலில் வருவது, கைகள் எங்கே இருப்பது, எந்தப் பக்கம் திரும்புவது, யார் அவரைத் தொடுவார்கள். அவரையே திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும். அதே விவரம் வெளியே துப்பாக்கியோடு நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உயிரைக் காக்க முற்றிலும் தவிர்க்க முடியாத நிலையில் மட்டுமே கொல்லும் நோக்கோடு சுடலாம் என்பது 1990இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்பதாவது; ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு நடந்து வருபவரைச் சுட அது இடம் தராது.

அவரை ஏற்றுக்கொள்ளும் குழுவில் அந்த நிலையத்துக் காவலர்கள் யாரும் இருக்க வேண்டாம். கேமரா ஓடிக்கொண்டிருக்கட்டும். விலங்கு மாட்டியவுடன் மருத்துவர் பார்க்கட்டும், வாக்குக் கொடுத்திருந்தால் வக்கீல் அங்கேயே நிற்கட்டும். கோபத்தில் ஒரு கை ஓங்கப்பட்டால், அதை வரவேற்பறையில் காத்திருந்தவர்களும், லாக்கப்பில் இருந்தவர்களும் பார்ப்பார்கள். அடுத்த முறை இன்னொரு கைதி கதவைச் சாத்திக்கொள்ளும்போது நம் பேச்சுவார்த்தையாளர் சொல்வதை அவர் நம்பமாட்டார், அப்போது பிடியில் இருக்கப் போவது நம்மில் ஒருவர்.

மீண்டு வந்தவரை உடனே வாக்குமூலத்துக்கு உட்கார வைக்காதீர்கள். முதலில் மருத்துவர், பிறகு வீட்டார், பிறகு கேள்விகள். கைதியின் மீது அவருக்கு இரக்கமோ, நம் மீது கோபமோ இருந்தால் அதைத் துரோகமாகப் பார்க்கக் கூடாது. 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கியில் ஆறு நாள் சிக்கியிருந்த நால்வருக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கு ‘ஸ்டாக்ஹோம் நோய்க்குறி’ என்று ஒரு நோயின் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் போலீசின் அவசரத்தால்தான் தன் உயிர் போய்விடுமோ என்று அஞ்சியதாக அவர்களில் ஒருவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். உள்ளே இருந்தவருக்குத் தெரிந்தது வெளியே நின்றவருக்குத் தெரியாது என்பதால், அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். தூக்கம் வராமல் போவது, சாவிச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, பாராவில் நிற்கத் தயங்குவது ஆகியவை வாரக்கணக்கில் நீடிக்கலாம். அதுவரை அவரை லாக்கப் பணிக்குப் போடாதீர்கள்.

அதே நாளில் செய்து முடிக்க வேண்டிய சில வேலைகளும் உண்டு. எந்தக் கதவு, யார் கையில் சாவி, எத்தனை பேர், எத்தனை மணி என்று நேர வரிசையில் எழுதி மேலதிகாரிக்கு அனுப்புங்கள். கைதியின் கைக்குப் போன சாவி திரும்பி வந்திருந்தாலும் பூட்டை மாற்றுங்கள். எழுத்தரின் மேசையையும் வழக்குச் சொத்தையும் பூட்டுள்ள அறைக்கு நகர்த்துங்கள். இவை முடியும் வரை அந்த லாக்கப்பில் அடுத்த ஆளை அடைக்காதீர்கள்.